பானுமதி இசையமைத்த ஊர்

திங்கட்கிழமை: வால்டாக்ஸ் சாலை

பி. பானுமதி என்ற பெயரைச் சொன்னவுடன் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவில் எழுவது, எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் நேருக்கு நேர் பார்த்து வசனம் பேசிய அந்தக் கம்பீரம்தான். திரைப்பட வரலாற்றில் சற்று ஈடுபாடு உள்ளவர்கள், தன் பாட்டைத் தானே பாடி நடித்தவர், ஒரே கதையை ஒரே காலத்தில் மூன்று மொழிகளில் இயக்கியவர், ஸ்டூடியோ முதலாளி, சிறுகதை எழுத்தாளர் என்று அடுக்குவார்கள். இசையமைப்பாளர் என்ற சொல் அந்தப் பட்டியலின் கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். பள்ளியில் இசை கற்பிப்பவள் என்ற முறையில் எனக்கு இந்த விடுபடல் நெடுநாளாக உறுத்தி வருகிறது. ஆகவே இந்த விடுமுறையில் திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்து, அவர் பாடிய, இயக்கிய, மெட்டமைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அன்றன்றே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எழும்பூரில் இறங்கி மெட்ரோவில் சென்ட்ரலுக்கு வந்தேன். பானுமதியைத் தேடி வந்தவள் வால்டாக்ஸ் சாலையில் ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். அவருக்கு முன்னால் ஒரு பெண் இந்தச் சாலையில்தான் தமிழ்ப் பேசும்படத்துக்குள் நுழைந்தார். 1931 அக்டோபர் 31 அன்று, பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய கினிமா சென்ட்ரல் கொட்டகையில், முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வெளியானது. பம்பாயிலிருந்து ரயிலில் வந்த படப்பெட்டிக்கு இந்தச் சாலை நெடுகிலும் மக்கள் பூத்தூவி, கற்பூரம் காட்டி வரவேற்பு அளித்தார்கள் என்பது தமிழ்த் திரை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி திருவையாற்றில் பிறந்தவர். நாடக மேடையிலிருந்து வந்தவர். நாயகன் தெலுங்கில் பேச இவர் தமிழில் பேசிய அந்தப் படத்தில், கதைக்குச் சிறிதும் தொடர்பில்லாமல் காந்தியின் கைராட்டினத்தைப் போற்றும் ஒரு பாட்டையும் பாடினார். அக்காலத்தில் படம் பார்க்கப் போவது என்பதே பெரும்பாலும் பாட்டுக் கேட்கப் போவதுதான்.

ஐந்தே ஆண்டுகளில், 1936இல், 'மிஸ் கமலா' என்ற படத்தை ராஜலட்சுமி தாமே எழுதி, தயாரித்து, இயக்கினார். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் அவரே. ஒரு பெண் முதலாளியாக இருந்தால்தான் இயக்குநர் நாற்காலியில் உட்கார முடியும் என்ற நிலைமை அப்போதே தெளிவாகத் தெரிகிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் பானுமதியின் வாழ்க்கை முழுவதும் வேறு வெளிச்சத்தில் தெரியும் என்று நான் கருதுகிறேன்.

இன்று அந்தச் சாலையில் சுமை இறக்கும் வண்டிகளுக்கு நடுவே நடப்பதே பெரும்பாடாக இருந்தது. ரயில் நிலையத்தின் பக்கச் சுவரை ஒட்டிச் சிறிது தூரம் நடந்து திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை: அண்ணா மேம்பாலம்

ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று நட்சத்திர விடுதியும் வணிக வளாகமும் நிற்கின்றன. பெயர் மட்டும் பாலத்தோடு ஒட்டிக்கொண்டது. அண்ணா மேம்பாலம் என்று பெயர்ப்பலகை சொன்னாலும், பேருந்து நடத்துநர் 'ஜெமினி' என்றுதான் குரல் கொடுக்கிறார்.

பானுமதி இங்கே 1949இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் எம்.கே. ராதாவுடன் நடித்தார். அதில் அவர் பாடிய 'லட்டு லட்டு மிட்டாய் வேணுமா' ஊர் முழுக்க ஒலித்த பாட்டு. இந்த இடத்தில் நான் கவனிக்க விரும்பியது அந்தப் பாட்டை உருவாக்கிய ஏற்பாட்டைத்தான். எஸ்.எஸ். வாசனின் ஜெமினியில் இசைக்கென்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. இசையமைப்பாளர்களும் வாத்தியக்காரர்களும் மாதச் சம்பளத்தில் வேலை பார்த்தார்கள். நடிகை வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வருவார், ஆயத்தமாக இருக்கும் மெட்டைக் கற்றுக்கொள்வார், பாடுவார், போய்விடுவார். எவ்வளவு பெரிய பாடகியாக இருந்தாலும் அந்தப் பிரிவுக்குள் அவருக்கு இருக்கை கிடையாது. பானுமதியின் இசை ஞானம் அன்றைக்கே யாவரும் அறிந்ததுதான். ஓங்கோல் அருகே தொட்டவரம் என்ற ஊரில் பிறந்து, இசையில் தேர்ந்த தந்தை வெங்கட சுப்பையாவிடமே முறையாகக் கற்றவர் அவர். 1939இல் 'வர விக்ரயம்' என்ற தெலுங்குப் படத்தில் சிறுமியாக நடிக்க வந்தபோதே, பாடத் தெரியும் என்பதுதான் அவருடைய முதல் தகுதி.

வெயில் கடுமையாக இருந்ததால் இங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

புதன்கிழமை: வடபழனி, சாலிகிராமம்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த நாள் இது. வடபழனி மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆற்காடு சாலையில் நடந்தேன். விஜயா-வாஹினி ஸ்டூடியோ பரந்து கிடந்த நிலத்தில் இன்று மருத்துவமனையும் பெரிய வணிக வளாகமும் இருக்கின்றன. அக்காலத்தில் தெலுங்குப் படங்களும் சென்னையில்தான் உருவாயின என்பதால், பானுமதிக்கு ஒரே ஊரில் இரண்டு திரையுலகங்கள் வாய்த்தன.

அவரை நட்சத்திரமாக்கிய 'ஸ்வர்க்க சீமா' 1945இல் வாஹினியின் படமாக வந்தது. அதற்கு முன்பே, 1943 ஆகஸ்டில், உதவி இயக்குநராக இருந்த பி.எஸ். ராமகிருஷ்ணாவை அவர் காதலித்து மணந்துகொண்டிருந்தார். திருமணத்தோடு நடிப்பை விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தவரை படத்தின் இயக்குநர் பி.என். ரெட்டிதான் வற்புறுத்தி அழைத்து வந்தார். புறாவைப் பார்த்து அந்தப் படத்தில் அவர் பாடும் பாட்டை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கர்நாடக இசையில் ஊறிய குரல் அயல்நாட்டு மெட்டு ஒன்றின் நளினத்தை எவ்வளவு எளிதாக வசப்படுத்திக்கொள்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதே வளாகத்தைச் சேர்ந்த இன்னொரு செய்தியும் உண்டு. 'மிஸ்ஸம்மா' என்ற தெலுங்குப் படத்தில் முதலில் நாயகியாக நடித்தவர் பானுமதிதான். சில ரீல்கள் எடுத்த பிறகு தயாரிப்பாளர் சக்கரபாணியோடு ஏற்பட்ட மனத்தாங்கலால் அவர் விலக, சாவித்திரி நடித்து 1955இல் படம் வெளிவந்தது. பானுமதியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இந்தக் கதையைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அவருடைய பிடிவாதத்துக்கும் கர்வத்துக்கும் சான்றாகச் சொல்கிறார்கள். எனக்கு இது சலிப்பைத் தருகிறது. அக்காலத்து இசையமைப்பாளர்களிலும் இயக்குநர்களிலும் பிடிவாதக்காரர்களுக்கா பஞ்சம்? அவர்களுடைய பிடிவாதத்தைக் கலைஞனின் உறுதி என்று எழுதிவிட்டு, ஒரு பெண்ணிடம் அதே குணம் இருந்தால் அதையே அவருடைய வாழ்க்கை வரலாறாக ஆக்கிவிடுவது நியாயமில்லை.

சாலிகிராமத்தின் தெருக்களில் நடக்கும்போது இன்றும் டப்பிங் தியேட்டர்களின் பெயர்ப்பலகைகளும், தோளில் வாத்தியப் பெட்டியோடு போகிறவர்களும் கண்ணில் படுகிறார்கள். பானுமதியும் ராமகிருஷ்ணாவும் தங்கள் மகனின் பெயரால் தொடங்கிய பரணி பிக்சர்ஸ், இங்கே பரணி ஸ்டூடியோவாகவும் வளர்ந்தது. 1949இல் 'லைலா மஜ்னு', பிறகு 1953இல் 'சண்டிராணி'. பின்னதைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் பானுமதியே இயக்கினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. இரட்டை வேடத்தில் நடித்துக்கொண்டு, சொந்தக் குரலில் பாடிக்கொண்டு, கேமராவுக்குப் பின்னாலும் நின்ற உழைப்பை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

'சண்டிராணி'க்கு இசையமைத்துக்கொண்டிருந்த சி.ஆர். சுப்புராமன் 1952இல், முப்பது வயதை எட்டும் முன்பே, திடீரென்று காலமானார். மீதி இசைப் பணியை முடித்தவர் அவருடைய குழுவில் இருந்த இளைஞர் எம்.எஸ். விஸ்வநாதன். கண்டசாலாவும் பானுமதியும் சேர்ந்து பாடிய 'வான் மீதிலே இன்பத் தேன் மாரி பேயுதே' இன்றும் வானொலியில் கேட்கக் கிடைக்கிறது. இங்கே நான் சற்று நின்று யோசிக்க விரும்புகிறேன். இயக்குநரும் தயாரிப்பாளரும் பாடகியுமாக இருந்தவர், நடுவில் நின்றுபோன இசையைத் தானே எடுத்துக்கொண்டிருக்கலாம். தடுப்பதற்கு யாரும் இல்லை. ஆனால் மறைந்த குருவின் வேலையைச் சீடன் முடிப்பதற்கு அந்தப் படம் வழிவிட்டது. 'சண்டிராணி' வெளிவந்த அடுத்த ஆண்டே, 1954இல் பரணி பிக்சர்ஸ் எடுத்த 'சக்ரபாணி' என்ற தெலுங்கு நகைச்சுவைப் படத்துக்குப் பானுமதி தன் பெயரிலேயே இசையமைத்தார். இன்னொருவருடைய இடத்தை நிரப்புகிறவராக அவர் அந்தத் துறைக்குள் வரவில்லை. முதல் மெட்டு முதல் கடைசி மெட்டு வரை தன்னுடையதாக இருக்கும் ஒரு படத்தோடு வந்தார். நிகழ்ச்சிகளின் வரிசையை வைத்து நான் செய்துகொண்ட ஊகம்தான் இது. ஆனாலும் அவருடைய குணத்துக்கு இது பொருந்துகிறது என்றே நம்புகிறேன்.

மாலையில், பல ஆண்டுகள் திரைப்பட இசைக்குழுக்களில் வயலின் வாசித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை, உறவினர் ஒருவர் மூலம் அவர் வீட்டிலேயே சந்தித்தேன். அவர் பணியில் சேர்ந்தது பானுமதியின் பொற்காலத்துக்குப் பிறகு என்றாலும், பழைய முறைகளைத் தம் மூத்த கலைஞர்களிடமிருந்து கேட்டறிந்தவர். பெண் இசையமைப்பாளர்கள் ஏன் இவ்வளவு அரிதாக இருந்தார்கள் என்று கேட்டேன்.

"டியூன் போடறது பாதி வேலைதாம்மா," என்றார். "மீதிப் பாதி, கம்போசிங்குக்கு உட்கார்றது. புரொட்யூசர், டைரக்டர், கவிஞர் எல்லாரும் சுத்தி உட்கார்ந்திருப்பாங்க. நடுவுல ஆர்மோனியத்தோட இவர். ஒரு டியூன் பிடிக்கலைன்னா இன்னொண்ணு, அதுவும் பிடிக்கலைன்னா இன்னொண்ணு. ராத்திரி எத்தனை மணி ஆனாலும் எழுந்திருக்க முடியாது. அந்த இடத்துக்கு ஒரு பொண்ணைக் கூப்பிடணும்னு யாருக்குத் தோணும், சொல்லுங்க?"

"பானுமதி அம்மாவுக்கு அந்தத் தடை இல்லையே, ஐயா?"

"அவங்களுக்கு எப்படிம்மா இருக்கும்? அவங்கதானே முதலாளி."

பாட்டை ஒலிப்பதிவு செய்யும் முறையையும் அவர் விளக்கினார். ஒன்றோ இரண்டோ மைக்குகள்தான் இருக்கும்; எந்த வாத்தியம் எவ்வளவு தூரத்தில் உட்காரவேண்டும் என்பதே ஒரு கலை. பாடுகிறவரும் முழு வாத்தியக் குழுவும் ஒரே மூச்சில் முடிக்கவேண்டும். எவர் பிசகினாலும் முதலிலிருந்து மறுபடியும் டேக். இசையமைப்பாளரே பாடகியாகவும் இருந்தால், உள்ளே நின்று பாடிக்கொண்டே குழு முழுவதையும் காதால் கண்காணிக்க வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னபோது, எத்தனையோ காலம் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கே அந்த வேலையின் அளவு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

வியாழக்கிழமை: தரமணி

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய திரைப்படப் பாட்டுப் புத்தகங்களைப் பார்ப்பதில் பகல் முழுவதும் கழிந்தது. கொட்டகை வாசலில் சில அணாக்களுக்கு விற்ற மெல்லிய புத்தகங்கள் இவை. முன்பக்கங்களில் நடிகர் பெயர்களும், பிறகு 'மீதியை வெண்திரையில் காண்க' என்று பாதியில் நின்றுவிடும் கதைச் சுருக்கமும், அதன் பின் பாட்டுகளும் இருக்கும். மிகப் பழைய புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் ஏற்கெனவே பிரபலமான வேறொரு பாட்டைக் குறிப்பிட்டு, இன்ன மெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். மேடைப் பாட்டு, இந்துஸ்தானி மெட்டு, கீர்த்தனை என்று கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்ட அந்தக் காலத்தில் இசையமைப்பாளர் என்ற தனிப் பதவியே இன்னும் திரண்டிருக்கவில்லை. நாடகத்திலிருந்து வந்த நடிகைகள் தங்கள் பாட்டுக்குச் சேர்த்த சங்கதிகளும் பிருகாக்களும், அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் அழகுகளும் வேகமான குரல் உருட்டல்களும், யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. பதவி உருவாகி, அதற்குத் தனிப் பெயரும் சம்பளமும் வந்த காலத்தில் அது ஆண்களுடையதாகிவிட்டது.

பம்பாயில் இதற்கு முன்பே இரண்டு பெண்கள் அந்த வாசலைத் திறந்திருந்தார்கள். நடிகையும் பாடகியுமான ஜத்தன்பாய், தம் சொந்த நிறுவனம் எடுத்த 'தலாஷ்-எ-ஹக்' படத்துக்கு 1935இல் இசையமைத்தார். பாம்பே டாக்கீஸின் இசையமைப்பாளராக 1936இல் 'அச்சுத் கன்யா'வுக்கு மெட்டமைத்த சரஸ்வதி தேவி ஒரு பார்சிப் பெண். தம் சமூகத்தாரின் எதிர்ப்பால் சொந்தப் பெயரை மறைத்துக்கொண்டு வேலை செய்தவர். முன்னவருக்குச் சொந்த நிறுவனம் இருந்தது. பின்னவருக்குத் துணிந்த முதலாளி ஒருவர் கிடைத்தார். தெற்கே அப்படித் துணிந்த முதலாளி எவரும் அமையாததால், பானுமதி தானே முதலாளியாகி அந்த இடத்தைப் பெற்றார். வெளியார் தயாரித்த எத்தனையோ வெற்றிப் படங்களில் நடித்தும் பாடியும் இருந்தவரை, இசையமைக்க அழைப்பதற்கு அவர்கள் முன்வரவில்லை. 1955இல் 'கள்வனின் காதலி'யில் கவிமணியின் 'வெயிற்கேற்ற நிழலுண்டு' வரிகளை அவர் பாடியதையும், 1957இல் 'அம்பிகாபதி'யில் 'கண்ணிலே இருப்பதென்ன'வைப் பாடியதையும், 1962இல் 'அன்னை'யில் 'பூவாகிக் காயாகி'யைப் பாடியதையும் கேட்டவர்கள் எவரும் அந்தக் குரலுக்குள் இருந்த இசையறிவை அறியாமல் இருந்திருக்க முடியாது. பின்னணிப் பாடகியர் காலம் நன்றாக நிலைபெற்ற பிறகும் அவர் வேறொருவர் குரலுக்கு வாயசைக்க மறுத்தார் என்பதே எத்தகைய சாதனை!

வெள்ளிக்கிழமை: பிராடி கேசில், அடையாறு

கிரீன்வேஸ் சாலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, இசைப் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் பழைய தோழி ஒருத்தியுடன் உள்ளே போனேன். ஜேம்ஸ் பிராடி என்ற பிரிட்டிஷ்காரர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடையாற்றங்கரையில் கட்டிய, கோபுரங்கள் வைத்த மாளிகை இது. 'தென்றல்' என்றும் இதற்குப் பெயர் உண்டு. 1949இல் கர்நாடக இசைப் பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரி, பிற்காலத்தில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியாகி இங்கே நடந்து, இப்போது பல்கலைக்கழகத்தின் பகுதியாகிவிட்டது. 1980களின் நடுப்பகுதியில் இந்தக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பில் இருந்தவர் பானுமதி.

1966இல் பத்மஸ்ரீயும் 2001இல் பத்மபூஷணும் பெற்றவருக்கு இது பட்டியலில் இன்னொரு பதவி என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முசிறி உட்கார்ந்த பதவியில் ஒரு திரைப்பட நடிகையை அமர்த்தினார்கள் என்றால், அவருடைய வித்வத்தை அரசு ஒப்புக்கொண்டது என்றுதான் பொருள். அவருடைய சொந்தப் படங்களுக்கு வெளியே திரையுலகம் அவரிடம் கேட்காத வேலையை, இசைக் கல்லூரி அவரிடம் கேட்டது.

மரத்தடியில் வாய்ப்பாட்டுப் பிரிவு மாணவியர் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். என் தோழி அறிமுகப்படுத்தியதும், ஒரு பெண் தயக்கத்தோடு, "டீச்சர், அவங்க நடிகைதானே? இங்கே எப்படி பிரின்சிபாலா இருந்தாங்க?" என்று கேட்டாள். சொல்லி விளக்குவதைவிடக் கேட்கவைப்பது மேல் என்று, கைப்பேசியில் இருந்த 'சக்ரபாணி'யின் 'உய்யால ஜம்பால' என்ற தாலாட்டைப் போட்டேன். கொள்ளுப்பேரன் பிறந்தால்தான் சொத்து என்று சொல்லும் தாத்தாவை நம்பவைக்க, இரவல் குழந்தையைத் தன் குழந்தையாகக் காட்டும் பெண்ணின் கதை அது. படம் முழுக்கச் சிரிப்பாக இருக்க, தாலாட்டில் மட்டும் பானுமதி விளையாட்டையே வைக்கவில்லை. குழந்தை இரவல் என்றாலும் பாட்டு உண்மையான தாயின் பாட்டு. ஊஞ்சலின் வீச்சுக்கு இசைந்து நடக்கும் தாளத்தின் மேல் குரல் எங்கும் அவசரப்படுவதில்லை. கமகங்கள் என்னும் ஸ்வர அசைவுகள் இருக்கின்றன, ஆனால் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடாத அளவில் இருக்கின்றன. பாடப்போகிற குரலின் எல்லையையும் இயல்பையும் முழுதாக அறிந்த ஒருவர்தான் இப்படி மெட்டமைக்க முடியும்.

மாணவியர் மூவரும் இரண்டாம் முறை போடச் சொல்லிக் கேட்டார்கள். கேள்வி கேட்ட பெண் தன் நோட்டை எடுத்து, பல்லவியின் முதல் வரிக்கு அங்கேயே ஸ்வரம் எழுதத் தொடங்கினாள். இரண்டாவது வரியின் முடிவில் வரும் ஒரு பிடியை, அதாவது ஒரு சிறு ஸ்வரக் கோவையைப் பற்றி மூவருக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. என் தோழி ஒரு பக்கம் பேச, நான் மறுபக்கம் பேச, தெலுங்கு தெரிந்த இன்னொரு மாணவியை அழைத்து வந்து சொற்களின் உச்சரிப்பைச் சரிபார்த்தோம். சரணத்தைத் திருச்சிக்குப் போய் நான் ஸ்வரப்படுத்தி அனுப்புவதாகவும், பல்லவியை அவர்கள் முடித்து எனக்கு அனுப்புவதாகவும் பேசிக்கொண்டோம். அடுத்த மாதம் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பாடுவார்கள். அறிவிப்பில் இசை என்ற சொல்லுக்கு எதிரே பி. பானுமதி என்று வாசிக்கச் சொல்லப்போகிறேன்.